அயர்லாந்து கிளப்களும் ஐரோப்பியத் தகுதிச் சுற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை மாதத்தில் ஐரோப்பாவின் பெரிய கால்பந்து கிளப்கள் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் காட்சி ஆட்டம் ஆடிக் காசு பார்த்துக்கொண்டிருக்கும். அதே வாரங்களில் டப்ளினிலோ ஐஸ்லாந்தின் ஒரு சின்ன மைதானத்திலோ சில கிளப்களின் அந்த வருடத் தலையெழுத்து முடிவாகிவிடும். பிரீமியர் லீக் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தகுதிச் சுற்று ஆட்டங்கள் கண்ணிலேயே படுவதில்லை. நான் சில வருடங்களாக விடாமல் தொடர்கிறேன். நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அயர்லாந்து கிளப்கள் என்றால் எவை? ஒரே லீக்தானா?

இல்லை, தீவில் இரண்டு லீக்குகள். தெற்கே அயர்லாந்துக் குடியரசில் ‘லீக் ஆஃப் அயர்லாந்து’: ஷாம்ராக் ரோவர்ஸ், போஹீமியன்ஸ், ஷெல்போர்ன், செயின்ட் பேட்ரிக்ஸ் அத்லெட்டிக், டண்டாக், கார்க் சிட்டி போன்றவை. வடக்கே வட அயர்லாந்தில் தனி லீக்: லின்ஃபீல்ட், கிளென்டோரன், லார்ன், கிளிஃப்டன்வில் என்று ஒரு பட்டியல். ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா அமைப்பின் கணக்கில் இவை இரண்டு வேறு நாடுகள்.

நடுவில் டெரி சிட்டி ஒன்று உண்டு. ஊர் இருப்பது வட அயர்லாந்தில், ஆடுவது 1985 முதல் தெற்கு லீக்கில். அரசியல் கலவரக் காலத்தில் வடக்கு லீக்கை விட்டு வெளியேறிய கிளப் அது. எனவே வரைபடத்தைப் பார்த்து எந்த கிளப் எந்த லீக் என்று முடிவு கட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் தெற்கைப் பற்றித்தான் பேசுகிறேன். வடக்கு பிற்பாடு வரும்.

கேள்வி: எத்தனை கிளப்கள் ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போகின்றன? எங்கிருந்து தொடங்குகின்றன?

வழக்கமாக நான்கு. லீக் சாம்பியன் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றில் இறங்குவார்கள். எஃப்.ஏ.ஐ. கோப்பை (உள்நாட்டு நாக்-அவுட் போட்டி) வென்றவரும் லீக்கில் அடுத்த இடங்களில் வந்தவர்களும் பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் லீக்கின் ஆரம்பத் தகுதிச் சுற்றுகளில் இறங்குவார்கள். கான்ஃபரன்ஸ் லீக் என்பது 2021-22-இல் தொடங்கிய மூன்றாம் நிலைப் போட்டி. மேலே சாம்பியன்ஸ் லீக், நடுவில் யூரோப்பா லீக், கீழே இது. ஒவ்வொரு சுற்றும் இரண்டு லெக்: நம் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று, இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

கேள்வி: தோற்ற பிறகும் ஆடிக்கொண்டே இருக்கிறார்களே, அது எப்படி?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சாம்பியனாக உள்ளே வருகிற அணிக்கு யூஃபா ஒரு ஏணியையும் அதன் பக்கத்திலேயே ஒரு சறுக்குமரத்தையும் வைத்திருக்கிறது. சாம்பியன்ஸ் லீக் இரண்டாம் தகுதிச் சுற்றில் தோற்றால் யூரோப்பா லீக் மூன்றாம் தகுதிச் சுற்றுக்குச் சறுக்குவீர்கள். அங்கும் தோற்றால் கான்ஃபரன்ஸ் லீக் பிளே-ஆஃப், அதாவது கடைசித் தகுதிச் சுற்று. அங்கே ஜெயித்துவிட்டால் கான்ஃபரன்ஸ் லீக்கின் லீக் கட்டம், அதாவது 36 அணிகள் ஆடும் பிரதானச் சுற்று. யூரோப்பா மூன்றாம் சுற்றிலேயே ஜெயித்துவிட்டால் இன்னும் நல்லது. அடுத்த பிளே-ஆஃபில் தோற்றாலும் கான்ஃபரன்ஸ் லீக்கின் லீக் கட்டம் கையில் இருக்கும்.

இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். ஜூலையில் முதல் சுற்றை ஜெயித்துவிட்ட ஒரு சாம்பியன், அதற்குப் பிறகு யூரோப்பா மூன்றாம் சுற்றிலோ கான்ஃபரன்ஸ் பிளே-ஆஃபிலோ ஒரே ஒரு சுற்றை வென்றால் டிசம்பர் வரை ஐரோப்பாவில் ஆடலாம். முதல் சுற்றிலேயே தோற்றால்? நேரே கான்ஃபரன்ஸ் லீக் இரண்டாம் தகுதிச் சுற்று. அங்கிருந்து பிரதானச் சுற்றுக்குப் போக வழக்கமாக மூன்று சுற்றுகளைத் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: அயர்லாந்து சாம்பியனுக்கு வருடத்தின் மிக முக்கியமான ஆட்டம் லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் கிடையாது. கூட்டம் குறைவான, விடுமுறைக் கால, ஜூலை மாத முதல் சுற்றுதான். ‘பெரிய அணிகளுடன் மோதி என்ன சாதித்தார்கள்?’ என்று கேட்பவர்கள் தப்பான மாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: இதற்கு உதாரணம் உண்டா?

ஷாம்ராக் ரோவர்ஸின் அடுத்தடுத்த இரண்டு வருடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் ஐஸ்லாந்தின் பிரெய்டாபிளிக்கிடம் டப்ளினில் 0-1, அங்கே 1-2. முதல் சுற்றிலேயே அவுட். சறுக்கி விழுந்த இடத்தில் காத்திருந்தது ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ்வாரோஸ். 0-4, மறுபடியும் 0-4. ஆகஸ்ட் நடக்கும்போது அவர்களின் ஐரோப்பா முடிந்துபோயிருந்தது.

2024 ஜூலை. மறுபடியும் ஐஸ்லாந்து அணி, இந்த முறை விகிங்குர் ரெய்க்யவிக். அங்கே 0-0. ரோவர்ஸ் ஆடும் டாலா ஸ்டேடியத்தில் இரண்டாவது லெக். (எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘டல்லாட்’ என்று வரும், ஊர்க்காரர்கள் சொல்வது டாலா.) முதல் பாதியில் ஜானி கென்னி இரண்டு கோல் போடுகிறார். பிறகு விகிங்குரின் நிகோலாய் ஹான்சன் ஒன்றைத் திருப்பி அடிக்கிறார். ரோவர்ஸில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. கூடுதல் நிமிடங்களும் தீரப்போகிற நேரத்தில் விகிங்குருக்கு பெனால்டி. அடிப்பவர் அதே ஹான்சன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகிறது. 2-1.

அந்தக் கம்பம் நாலு விரற்கடை தள்ளி நின்றிருந்தால் கூடுதல் நேரம், பத்துப் பேருடன். கம்பம் காப்பாற்றியதால் என்ன நடந்தது என்று பாருங்கள். அடுத்த சுற்றில் ஸ்பார்ட்டா ப்ராகிடம் தோற்றார்கள், மொத்தம் 2-6. கவலையில்லை, சறுக்குமரம் இருக்கிறதே. யூரோப்பா மூன்றாம் சுற்றில் ஸ்லோவேனியாவின் செல்யேவிடம் அங்கே 0-1 தோற்று, டாலாவில் 3-1 ஜெயித்தார்கள். அவ்வளவுதான், லீக் கட்டம் உறுதி. பிறகு கிரீஸின் பாவோக்கிடம் 0-4, 0-2 என்று வாங்கியதெல்லாம் கணக்கில் வரவில்லை. அந்தக் கோடையில் அவர்கள் வென்ற சுற்றுகள் இரண்டே இரண்டு.

கேள்வி: இது குறுக்கு வழி மாதிரி இருக்கிறதே? உண்மையான முன்னேற்றம்தானா?

பாதி நியாயமான கேள்வி. சாம்பியன்களுக்கான பாதையில் எதிரே வருகிறவர்களும் பெரும்பாலும் சிறிய நாட்டு சாம்பியன்கள்தான். அந்த வசதியை யூஃபா வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறது. கான்ஃபரன்ஸ் லீக் என்ற மூன்றாவது கதவும் இவர்களைப் போன்றவர்களுக்காகத் திறந்ததுதான்.

ஆனால் கதவு திறந்திருந்தால் போதுமா, உள்ளே போய் ஆட வேண்டாமா? 2024-25 லீக் கட்டத்தில் ரோவர்ஸ் ஆறு ஆட்டங்களில் 11 புள்ளிகள் எடுத்தார்கள். அபோயலுடன் 1-1, லார்னை பெல்ஃபாஸ்டில் 4-1, வேல்ஸின் டி.என்.எஸ்.ஸை 2-1, வியன்னாவில் ராபிட் அணியுடன் 1-1, பொராட்ஸ் பன்யா லூகாவை 3-0. கடைசியில் செல்சீயிடம் 1-5. 36 அணிகளில் 10-ஆவது இடம். குறுக்கு வழியில் வந்தவன் 10-ஆவது இடத்தில் உட்கார முடியாது.

கேள்வி: அதற்குப் பிறகு என்ன ஆனது?

முதல் எட்டு அணிகள் நேரே கடைசி 16-க்குப் போகும். 9 முதல் 24 வரை வந்தவர்கள் நாக்-அவுட் பிளே-ஆஃப் ஆட வேண்டும். தெற்கிலிருந்து ஒரு கிளப் குளிர்காலத்தைத் தாண்டி நாக்-அவுட்டில் நின்றது அதுவே முதல் தடவை. எதிரே நார்வேயின் மோல்டே.

இதற்குள் ஜனவரியில் ஸ்காட்லாந்தின் செல்டிக் தன் ஆளான ஜானி கென்னியைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் கடனுக்கு வந்தவர்தான். கோல் அடிக்கிற ஆள் இல்லாமல் பிப்ரவரி 13 அன்று நார்வேயில் இறங்கினார்கள். பயிற்சியாளர் ஸ்டீஃபன் பிராட்லி அந்த இடத்தில் நிறுத்தியது மைக்கேல் நூனன் என்ற பையனை. வயது 16 வருடம் 197 நாள். அந்தப் பையன் கோல் போட்டான், 1-0. கான்ஃபரன்ஸ் லீக் வரலாற்றிலேயே மிக இளைய கோல்காரன் என்று பெயர் எழுதிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து டாலாவில் 0-1. பெனால்டியில் 4-5. ஜூலையில் பெனால்டி கைகொடுத்தது, பிப்ரவரியில் காலை வாரியது.

கேள்வி: முதன்முதலில் பிரதானச் சுற்றுக்குப் போன அயர்லாந்து கிளப் எது?

அதுவும் ஷாம்ராக் ரோவர்ஸ்தான், 2011-இல். அப்போது கான்ஃபரன்ஸ் லீக் கிடையாது. சாம்பியன்ஸ் லீக் தகுதியில் எஸ்டோனியாவின் ஃப்ளோராவை வென்று, கோபன்ஹேகனிடம் தோற்று, யூரோப்பா லீக் பிளே-ஆஃபுக்கு வந்தார்கள். எதிரணி பெல்கிரேடின் பார்ட்டிசான். டாலாவில் 1-1. ஆகஸ்ட் 25 அன்று பெல்கிரேடில் பார்ட்டிசான் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் பாட் சலிவன் என்ற தடுப்பாட்டக்காரர் தூரத்திலிருந்து பந்தை அந்தரத்திலேயே உதைத்து உள்ளே தள்ளினார். கோலை ஒரு முறை பார்த்துவிடுங்கள், பத்து வருடத்துக்கு ஒரு தடவை விழுகிற உதை அது. கூடுதல் நேரத்தில் 113-ஆவது நிமிடம் ரோவர்ஸுக்கு பெனால்டி. ஸ்டீஃபன் ஓடானல் அடித்தார். 2-1.

அப்போது பிரதானச் சுற்று என்றால் குழுச் சுற்று. குழுவில் டாட்டன்ஹாம், பாவோக், ரூபின் கசான். ஆறு ஆட்டமும் தோல்வி. லண்டனில் ஸ்டீஃபன் ரைஸ் கோல் போட்டு டாட்டன்ஹாமை விட முன்னிலையில் இருந்த சில நிமிடங்களை அந்த ரசிகர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு 1-3. பயிற்சியாளர் மைக்கேல் ஓநீல் அந்த வருடக் கடைசியில் வட அயர்லாந்து தேசிய அணிக்குப் போய்விட்டார்.

கேள்வி: எல்லோரும் 2016 டண்டாக் என்கிறார்களே, அதில் அப்படி என்ன விசேஷம்?

ஆடிய விதம். அதுவரை அயர்லாந்து கிளப் ஐரோப்பாவில் ஆடினால் பத்துப் பேர் கோல் முன்னால் நின்று பந்தைத் தூக்கி அடிப்பார்கள். ஸ்டீஃபன் கென்னியின் டண்டாக் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஆடியது. நான்கு வருடம் முன்பு, 2012-இல், இழுத்து மூடுகிற நிலையில் இருந்த கிளப் அது.

ஐஸ்லாந்தின் எஃப்.எச். அணியுடன் 1-1, 2-2. மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதியால் தப்பினார்கள். பெலாரூஸின் பாட்டே சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்கு அடிக்கடி போய் வந்த அணி. அங்கே 0-1. ஆகஸ்ட் 2 அன்று டாலாவில் டேவிட் மக்மில்லன் இரண்டு, ராபி பென்சன் ஒன்று, 3-0. அந்த இரவு அயர்லாந்து கிளப் கால்பந்தில் நடந்த மிகச் சிறந்த தொண்ணூறு நிமிடம் என்பேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

அடுத்து சாம்பியன்ஸ் லீக் பிளே-ஆஃப், போலந்தின் லெகியா வார்சா. டப்ளினின் அவிவா ஸ்டேடியத்தில் 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். முதல் கோல் கையில் பட்டதற்குக் கொடுத்த பெனால்டி, டண்டாக் ஆட்கள் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளாத முடிவு. கடைசியில் இன்னொன்று. 0-2. வார்சாவில் பென்சன் கோல் போட்டு 1-0 ஆக்கினார். இன்னொரு கோல் வந்தால் கூடுதல் நேரம் என்ற நிலைமை கடைசி வரை நீடித்தது. இறுதி நிமிடங்களில் லெகியா ஒன்றைப் போட்டு முடித்துவைத்தது.

தோற்றவர்களுக்கு யூரோப்பா லீக் குழுச் சுற்று கிடைத்தது. ஹாலந்தின் ஏ.இசட். அணியுடன் பத்துப் பேராகக் குறைந்த பிறகும் 89-ஆவது நிமிடம் மாற்று ஆட்டக்காரர் கியரன் கில்டஃப் சமன் செய்தார். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன தலைவர் யார் தெரியுமா? பெல்கிரேடில் 2011-இல் பெனால்டி அடித்த அதே ஸ்டீஃபன் ஓடானல். அடுத்த ஆட்டம் மக்காபி டெல் அவிவ், மறுபடியும் கில்டஃப், 1-0. குழுச் சுற்றில் ஒரு அயர்லாந்து கிளப்பின் முதல் வெற்றி. ஜெனிட்டிடம் இரண்டு தடவையும் 1-2. மொத்தம் 4 புள்ளிகள், கடைசி இடம். ஆனால் எந்த ஆட்டத்திலும் ஒரு கோலுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கவில்லை.

2020-இல் டண்டாக் மறுபடியும் குழுச் சுற்றுக்குப் போனது. கொரோனா வருடம், தகுதிச் சுற்றுகளுக்கு ஒரே லெக், வெறும் இருக்கைகள். ஆர்சனல், மோல்டே, ராபிட் வியன்னா இருந்த குழுவில் ஆறும் தோல்வி. அதை யாரும் பாட்டுக் கட்டிப் பாடவில்லை.

கேள்வி: அதற்கு முந்தைய காலம் வெறும் அடி வாங்கிய கதைதானா?

தொடக்கம் அப்படித்தான். 1957-இல் முதன்முதலாகப் போன ஷாம்ராக் ரோவர்ஸுக்கு டப்ளின் டாலிமவுன்ட் பார்க்கில் மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்தது 0-6. ஆனால் ஓல்ட் டிராஃபோர்டில் 2-3 வரை போனார்கள்.

எனக்குப் பிடித்தது 1975. நாட்டின் நடுவில் இருக்கும் அத்லோன் என்ற சின்ன ஊருக்கு ஏ.சி. மிலான் வந்தது. ஆட்டம் 0-0. அதிலும் அத்லோனுக்கு ஒரு பெனால்டி கிடைத்து, ஜான் மின்னாக் அடித்ததை இத்தாலியின் ஆல்பர்டோசி பிடித்துவிட்டார். மிலானில் 0-3. ஊருக்கு அந்த 0-0 போதும்.

2004 ஷெல்போர்ன் வேறு ரகம். ஐஸ்லாந்தின் கே.ஆர்., குரோவேஷியாவின் ஹைடுக் ஸ்ப்ளிட் இரண்டையும் தாண்டி, சாம்பியன்ஸ் லீக் குழுவுக்கு ஒரே படி கீழே நின்றார்கள். எதிரே அதற்கு முந்தைய சீசனில் அரையிறுதி ஆடிய டெபோர்ட்டிவோ லா கொருன்யா. டப்ளினில் 0-0. ஸ்பெயினில் இரண்டாம் பாதியில்தான் தடுப்பு உடைந்தது, 0-3. 2006-இல் டெரி சிட்டி ஸ்வீடனின் கோத்தன்பர்க்கை இரண்டு லெக்கிலும் 1-0 ஜெயித்து, ஸ்காட்லாந்தின் கிரெட்னாவை அங்கேயே 5-1 அடித்து, பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னுடன் ஊரில் 0-0 ஆடியது. பயிற்சியாளர் யார்? ஸ்டீஃபன் கென்னி. பிற்பாடு 2024-இல் செயின்ட் பேட்ரிக்ஸை இஸ்தான்புல் பஷக்ஷெஹிருடனான பிளே-ஆஃப் வரை கொண்டுபோனவரும் அவர்தான். இடையில் தேசிய அணிப் பயிற்சியாளராக இருந்து நிறையத் திட்டு வாங்கினார். கிளப் கால்பந்தில் அவர் கை ராசியே தனி.

கேள்வி: லீக்கைக் கோடைக்கு மாற்றியது உதவியதா?

2003 முதல் தெற்கு லீக் பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. முன்பு ஜூலையில் ஐரோப்பிய ஆட்டம் வந்தால் வீரர்கள் விடுமுறையிலிருந்து எழுந்து வர வேண்டும். இப்போது அதே ஜூலையில் இருபது ஆட்டத்துக்கு மேல் ஆடி உடம்பு சூடாக இருக்கும். ஷெல்போர்ன், டெரி வெற்றிகள் மாற்றத்துக்குப் பின் சட்டென்று வந்தது தற்செயல் இல்லை.

ஆனால் வெயிலுக்குப் பிடித்த குடை மழைக்கு ஓட்டை. லீக் கட்டம் டிசம்பர் வரை ஓடுகிறது. உள்ளூர் லீக்கோ நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பல வீரர்களின் ஒப்பந்தமும் அதோடு தீரும். பிப்ரவரி நாக்-அவுட் வரும்போது எதிரணிக்கு நடு சீசன் என்றால் இவர்களுக்குத் தொடக்கம். (மோல்டேவுக்கும் இதே பிரச்சினைதான், நார்வேயிலும் கோடை லீக். அந்த விஷயத்தில் ரோவர்ஸுக்குச் சாக்குச் சொல்ல முடியாது.)

கேள்வி: வேறு என்ன மாறியிருக்கிறது?

பிரெக்ஸிட். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதால், 18 வயது ஆகாத அயர்லாந்துப் பையன்கள் அங்கே கிளப் சேர முடியாது. முன்பு 15, 16 வயதிலேயே கப்பல் ஏறிவிடுவார்கள். இப்போது இரண்டு மூன்று வருடம் உள்ளூர் லீக்கில் பெரியவர்களோடு மோதி வளர்கிறார்கள். நூனன் ஒரு உதாரணம். செயின்ட் பேட்ரிக்ஸின் மேசன் மெலியா இன்னொன்று: டாட்டன்ஹாம் அவரை வாங்கியும் 18 ஆகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளப்புக்கு ஐரோப்பாவில் ஆட ஆளும் கிடைக்கிறது, விற்கும்போது விலையும் கிடைக்கிறது.

கேள்வி: பணம் எவ்வளவு கிடைக்கும்?

கான்ஃபரன்ஸ் லீக் லீக் கட்டத்துக்குள் கால் வைத்தாலே 31.7 லட்சம் யூரோ. ஒரு வெற்றிக்கு 4 லட்சம், டிராவுக்கு 1.33 லட்சம். 2024-25-இல் ரோவர்ஸின் மூன்று வெற்றி, இரண்டு டிராவை இதோடு கூட்டினாலே 46 லட்சத்தைத் தாண்டும். இடத்துக்கான தொகை, டிக்கெட் வசூல் எல்லாம் தனி. உள்ளூர் லீக் பட்டத்துக்கான பரிசோ இதன் பக்கத்தில் பிள்ளையார் கோயில் சுண்டல்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஐரோப்பா கனவில் சக்திக்கு மீறிச் செலவு செய்வது அந்த ஊரில் பழைய நோய். ஷெல்போர்ன் 2006-இல் பட்டம் வென்றார்கள். பண நெருக்கடியில் அடுத்த வருடமே இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள். மறுபடி பட்டம் வெல்ல 2024 வரை ஆனது.

கேள்வி: ஏன் எல்லோரும் டாலாவிலேயே ஆடுகிறார்கள்?

யூஃபா விதித்திருக்கும் இருக்கை, விளக்கு, அறை வசதிகள் பெரும்பாலான பழைய மைதானங்களில் இல்லை. ஆரம்பச் சுற்றுகளை டோல்கா பார்க்கிலோ ரிச்மண்ட் பார்க்கிலோ ஒப்பேற்றிவிடலாம்; மேலே போகப் போக விதி இறுகும். டண்டாக்கும், பின்னர் ஷெல்போர்னும் பெரிய ஆட்டங்களுக்கு டாலாவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. போட்டி கிளப்பின் வீட்டில் போய் விருந்து வைப்பது மாதிரி.

அந்த வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. ரோவர்ஸின் சொந்த மைதானம் 1987-இல் விற்கப்பட்டது. அதன்பின் 22 வருடம் ஊர் ஊராக வாடகைக்கு ஆடினார்கள். 2005-இல் திவாலாக இருந்த கிளப்பை ரசிகர்கள் கைக்காசு போட்டுக் காப்பாற்றினார்கள். 2009-இல் திறந்த டாலா ஸ்டேடியம்கூட அவர்களுடையது இல்லை, தெற்கு டப்ளின் கவுன்டி கவுன்சிலுடையது. லூவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் கடைசி நிறுத்தம், அப்பால் மலை.

கேள்வி: வட அயர்லாந்து கிளப்கள் எப்படி?

1966-67-இல் லின்ஃபீல்ட் ஐரோப்பியக் கோப்பை காலிறுதி வரை போனது. அந்த உயரத்தைத் தெற்கு இன்னும் தொடவில்லை. 2019-இல் அதே லின்ஃபீல்ட் யூரோப்பா லீக் பிளே-ஆஃபில் அஜர்பைஜானின் கராபாக்கை ஊரில் 3-2 ஜெயித்து, அங்கே 1-2 தோற்று, வெளியூர் கோல் விதியால் குழுச் சுற்றைக் கோட்டைவிட்டது. அந்த விதி இரண்டு வருடத்தில் ஒழிக்கப்பட்டது. லின்ஃபீல்ட் ரசிகர் யாரிடமும் அதைச் சொல்லிவிடாதீர்கள். 2022-இல் லாட்வியாவின் ஆர்.எஃப்.எஸ்.ஸிடம் பெனால்டியில் போனது. கடைசியில் வடக்கிலிருந்து முதலில் பிரதானச் சுற்றுக்குப் போனது துறைமுக ஊரான லார்னின் கிளப், 2024-இல். ஐந்து ஆட்டம் தோற்று, கடைசியில் பெல்ஜியத்தின் கென்ட்டை 1-0 வீழ்த்தினார்கள்.

கேள்வி: வடக்கும் தெற்கும் மோதியது உண்டா?

உண்டு, அதில் கசப்பான ஒன்று 1979. ஐரோப்பியக் கோப்பையில் எல்லையோர ஊரான டண்டாக்குக்கு லின்ஃபீல்ட் வந்தது. இரண்டே நாள் முன்புதான் மவுன்ட்பேட்டன் பிரபு குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அதே நாளில் வாரன்பாயின்ட்டில் 18 பிரிட்டிஷ் வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆட்டம் 1-1, காலரியில் கலவரம். இரண்டாவது லெக்கை பெல்ஃபாஸ்டில் நடத்த முடியாமல் ஹாலந்தின் ஹார்லெம் நகருக்கு மாற்றினார்கள். டண்டாக் 2-0 ஜெயித்தது. பின்னர் மால்டாவின் ஹைபர்னியன்ஸையும் தாண்டி செல்டிக்கிடம் மொத்தம் 2-3 என்று போனது.

2025-இல் ஷெல்போர்னும் லின்ஃபீல்டும் ஒரே கோடையில் இரண்டு தடவை மோதின. ஜூலையில் சாம்பியன்ஸ் லீக் முதல் சுற்று: 1-0, 1-1, ஷெல்போர்ன் உள்ளே. அதற்குச் சில வாரம் முன்புதான் பட்டம் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் டேமியன் டஃப் திடீரென்று விலகியிருந்தார். அப்புறம் ஷெல்போர்ன் கராபாக்கிடமும் குரோவேஷியாவின் ரியேகாவிடமும் தோற்றுச் சறுக்கி, கான்ஃபரன்ஸ் பிளே-ஆஃபுக்கு வந்து பார்த்தால் எதிரே மறுபடி லின்ஃபீல்ட். 3-1, 2-0. ஒரே எதிரியை இரண்டு முறை வென்று லீக் கட்டம். ஏணியும் சறுக்குமரமும் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

அதே கோடையில் ரோவர்ஸ் சாம்பியன் பாதையின் சலுகை இல்லாமல் கிப்ரால்டரின் செயின்ட் ஜோசப்ஸ், கொசோவோவின் பால்கானி, போர்ச்சுகலின் சான்டா கிளாரா மூன்றையும் வென்றது. ஒரே சீசனில் இரண்டு தெற்குக் கிளப்கள் லீக் கட்டத்தில் இருந்தது அதுவே முதல் தடவை. என்னைக் கேட்டால் இரண்டில் ரோவர்ஸின் பாதைதான் கடினம்.

கேள்வி: 2024-இல் கோப்பை வென்ற டிரோஹெடா ஏன் 2025-இல் ஆடவில்லை?

முதலாளி பிரச்சினை. டிரோஹெடா யுனைடெட்டை வைத்திருக்கும் டிரிவெலா நிறுவனமே டென்மார்க்கின் சில்கெபோர்க் கிளப்பையும் வைத்திருக்கிறது. ஒரே கையில் இருக்கும் இரண்டு அணிகள் ஒரே போட்டியில் ஆடக்கூடாது என்பது யூஃபா விதி. விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போயும் பலிக்கவில்லை. வீரர்கள் களத்தில் ஜெயித்ததைக் காகிதத்தில் பறிகொடுத்தார்கள். விதி சரிதான், ஆனால் அதன் அடி எப்போதும் பட்டியலில் கீழே இருப்பவன் முதுகில்தான் விழுகிறது.

கேள்வி: சாம்பியன்ஸ் லீக் பிரதானச் சுற்றுக்கு ஒரு அயர்லாந்து கிளப் என்றைக்காவது போகுமா?

2004-இல் ஷெல்போர்னும் 2016-இல் டண்டாக்கும் ஒரே படியில் விட்டார்கள். இப்போது முதல் சுற்று தொடங்கி பிளே-ஆஃப் வரை நான்கு சுற்றுகளை வரிசையாக ஜெயிக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது சுற்றில் எதிரே நிற்பது கராபாக், ஃபெரென்ட்ஸ்வாரோஸ் போன்றவர்கள். அவர்களின் சம்பளப் பட்டியல் பக்கத்தில் இவர்கள் நிற்க முடியாது. நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடக்கும் என்று பந்தயமும் கட்ட மாட்டேன். ஜூன் மாதம் யூஃபா குலுக்கல் நடக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: முதல் சுற்றில் யார் வந்திருக்கிறார்கள், ஐஸ்லாந்தா?